தங்கச்சிக்கு மூளை நாளத்தில் இரத்தக்கட்டி: உறைதல் பரிசோதனையை இப்போதே எடுக்கலாமா, பொறுக்க வேண்டுமா?

லிந்துலைக்காரன்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிக்கு இரண்டாவது குழந்தை சிசேரியனில் பிறந்தது. வீட்டுக்கு வந்த பிறகு தலைவலி என்றாள். முதுகில் போட்ட ஊசியால் வருகிற வலி என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். காட்டிய இடத்திலும் அதையே சொல்லி, பனடோல் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எந்த இடம் என்று கேட்காதீர்கள், இன்னும் அங்கேதான் போய்வர வேண்டியிருக்கிறது. அப்புறம் வாந்தி, ஒருநாள் விடியற்காலை வலிப்பு. 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸில் ஏற்றி, கடைசியில் கண்டிக்குக் கொண்டுபோனோம். சாதாரண சீ.டி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை. நாளங்களைத் தனியாகக் காட்டும் எம்.ஆர். ஸ்கேனில்தான் மூளையின் பெரிய நாளமொன்றில் இரத்தம் கட்டியிருப்பது தெரிந்தது.

இப்போது வீட்டில் இருக்கிறாள், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் மாத்திரை எடுக்கிறாள், நடக்கிறாள், பேசுகிறாள். கடவுள் புண்ணியம்.

என் கேள்வி இதுதான். இரத்தம் சீக்கிரம் உறையும் பரம்பரைக் குறைபாடு இருக்கிறதா என்று பிறகு பார்ப்போம், இப்போது வேண்டாம் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். அத்தானுக்குப் பொறுமை இல்லை, வெளியே காசு கட்டியாவது உடனே பார்த்துவிட வேண்டும் என்கிறார். அதற்குள் ஊரில் வேறு கதை கிளம்பிவிட்டது. 'அந்தக் குடும்பத்து இரத்தத்திலேயே கோளாறாம்' என்கிறார்கள். சின்னத் தங்கச்சிக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறோம். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொழுந்துக்கூடை

அண்ணா, எனக்கும் இதே வியாதிதான் வந்தது. பொகவந்தலாவைப் பக்கம் இருக்கிறேன். எனக்குப் பிரசவம் காரணமில்லை, திருவிழாவுக்குப் போட்ட மாத்திரை. கோயிலில் தேர் இருக்கிறதே என்று மாதவிடாயைத் தள்ளிப்போட ஃபார்மசியில் வாங்கிப் போட்டேன். கூடவே விரதம், வெயிலில் நடை, சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. தலைவலி தொடங்கியபோது விரதத்தால் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

தங்கச்சிக்குச் சொல்லுங்கள், இதிலிருந்து மீண்டு வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். நான் இப்போது வழக்கம்போல வேலைக்குப் போகிறேன்.

பழைய_டிஸ்பென்சர்

தம்பி, நான் தோட்ட டிஸ்பென்சரியில் காலத்தைக் கழித்தவன். எங்கள் நாளில் ஸ்கேன் ஏது? காதில் சீழ் வடியும் பிள்ளைகள் வருவார்கள். கவனிக்காமல் விட்டால் காதுக்குப் பின்னால் எலும்பு வீங்கி, காய்ச்சல், தலைவலி, பிறகு வலிப்பு. காதை ஒட்டிப்போகும் மூளை நாளத்துக்குள் சீழ் பரவி இரத்தம் கட்டிப்போவதால் அப்படி வரும். அன்ரிபயோட்டிக் வந்த பிறகு அது குறைந்துபோனது.

பிரசவம் கழிந்த பெண்களையும் பார்த்திருக்கிறேன். பத்தியம் என்று தண்ணீரை அளந்து கொடுப்பார்கள். தண்ணீர் குடித்தால் வயிறு போடும், தையல் காயாது என்பார்கள். பச்சை உடம்புக்காரி, குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு காம்பராவுக்குள்ளேயே படுத்துக்கிடப்பாள். போதாதற்கு இரத்தச்சோகை. இதையெல்லாம் வைத்துக்கொண்டு இரத்தத்தில் கோளாறு என்று பரம்பரையைப் பழிசொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

இரவுக்கடமை

நான் மருத்துவர், ஆனால் உங்கள் தங்கச்சியைப் பார்த்தவன் இல்லை. பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

மூளைக்குள் வரும் இரத்தம் வெளியேறுவது நாளங்கள் வழியாக. சின்ன நாளங்கள் மூளையுறைக்குள் இருக்கும் பெரிய வாய்க்கால்களில் சேர்கின்றன, அவை கழுத்து நாளத்தில் இறங்குகின்றன. லயத்துக்குப் பின்னால் கான் அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் வாசல்வரை ஏறுமே, அதே கதைதான். வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி மூளை வீங்குகிறது. சிலசமயம் சின்னக் குழாய்கள் கசிந்து உள்ளே இரத்தமும் போகிறது. பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தலைவலி இருக்கும். வலிப்பு, வாந்தி, பார்வை மங்கல், ஒருபக்கக் கைகால் சோர்வு எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும்.

முதுகு ஊசித் தலைவலி பற்றி எழுதியிருந்தீர்கள். அது எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். நாளக் கட்டியின் வலி பெரும்பாலும் படுக்கும்போதும் இருமும்போதும் குனியும்போதும் கூடும். எல்லோருக்கும் இப்படித்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பிரசவித்த பெண்ணின் தலைவலி தன் குணத்தை மாற்றிக்கொண்டாலோ, நாளுக்குநாள் ஏறினாலோ, வாந்தியோடு வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனிக் குறைபாடு. டிஸ்பென்சர் ஐயா சொல்வது பாதி சரி. பெரும்பாலும் ஒரு காரணம் மட்டும் இந்த நோயைக் கொண்டுவருவதில்லை. பல நாடுகளில் 624 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2004இல் வெளியான ஆய்வொன்று இருக்கிறது. அதில் 34 சதவீதத்தினருக்கு உறைதல் குறைபாடு ஏதோவொன்று இருந்தது. 44 சதவீதத்தினருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருந்தன. எட்டில் ஒருவருக்கு எவ்வளவு தேடியும் காரணம் கிடைக்கவில்லை. அதே ஆய்வில் ஐந்தில் நான்கு பேர் கிட்டத்தட்ட முழுமையாகத் தேறினார்கள் என்பதை வீட்டில் சொல்லுங்கள்.

ஆகவே 'பரம்பரையா, பத்தியமா' என்று பட்டிமன்றம் வைக்கத் தேவையில்லை. குறைபாடு இருந்தும் வாழ்நாள் முழுக்க ஒன்றும் வராமலே இருப்பவர்கள் அதிகம். பிரசவம், மாத்திரை, நீரிழப்பு, காய்ச்சல் என்று ஏதாவதொன்று மேலே வந்து விழும்போதுதான் கட்டி உருவாகிறது.

லிந்துலைக்காரன்

நன்றி டொக்டர். தங்கச்சிக்கும் தண்ணீர் குறைவாகத்தான் கொடுத்தார்கள். இரும்புச்சத்து மாத்திரை குடித்தால் வயிற்றைப் பிரட்டுகிறது என்று பாதியில் விட்டுவிட்டாளாம், இப்போதுதான் சொல்கிறாள். அப்படியென்றால் பரிசோதனையே தேவையில்லையா?

ஆய்வுகூடம்_பதுளை

இந்தக் கேள்விக்காகத்தான் கணக்குத் திறந்தேன். நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன். தயவுசெய்து அத்தானை இப்போது காசு கட்ட விடாதீர்கள்.

ஏன் என்றால், நம் இரத்தத்தில் உறைதலுக்குப் பிரேக் போடும் புரதங்கள் சில இருக்கின்றன. புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், அன்ரித்ரொம்பின். இவற்றில் ஒன்று பிறவியிலேயே குறைவாக இருந்தால் கட்டி உருவாகும் வாய்ப்புக் கூடுகிறது. இந்த அளவுகள் மூன்றும் சூழ்நிலைக்கேற்ப ஆடுபவை. வார்பரின் வேலை செய்வதே விட்டமின் கே-யைத் தடுத்து. சி-யும் எஸ்-உம் அதே விட்டமினால் உருவாகுபவை. வார்பரின் எடுப்பவரின் இரத்தத்தில் அவை குறைவாகத்தான் இருக்கும், அது மருந்தின் வேலை. கர்ப்பத்திலும் பிரசவத்தை ஒட்டியும் எஸ் தானாகவே இறங்கிவிடும். புதிதாகக் கட்டி உருவான நாட்களில் மூன்றுமே செலவாகிக் குறைந்து நிற்கலாம். இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெபரின் ஊசி போகும்போது அன்ரித்ரொம்பின் குறையும்.

உங்கள் தங்கச்சிக்கு இதில் எது இல்லை சொல்லுங்கள்? பிரசவம், புதுக் கட்டி, ஊசி, வார்பரின் எல்லாம் இருக்கிறது. இப்போது இரத்தம் எடுத்தால் ரிப்போர்ட்டில் 'குறைவு' என்று சிவப்பில் வரும். அதைக் கொண்டுபோய் யாராவது பரம்பரை நோய் என்று சொல்லிவிட்டால் அந்த முத்திரை அழியாது. எங்கள் உறவுக்கார அக்கா ஒருவருக்கு வெளியே ஓரிடத்தில் இப்படித்தான் நடந்தது. வார்பரின் நடக்கும்போதே எடுத்த ரிப்போர்ட்டை வைத்து, பிள்ளைகளுக்கும் எடுக்க வேண்டும் என்று காசு பிடுங்கினார்கள். மருந்து நிறுத்திய பிறகு திரும்ப எடுத்தபோது எல்லாம் நோர்மல்.

வார்பரின் நிறுத்திக் குறைந்தது இரண்டு வாரமாவது போன பின்தான் சி, எஸ் பார்ப்பது. எப்போது நிறுத்துவது என்று கிளினிக்தான் சொல்லும். பரிசோதனைக்காக நீங்களாக ஒருநாளும் நிறுத்திவிடாதீர்கள்.

தலவாக்கலை_டீச்சர்

ஃபக்டர் ஃபைவ் லைடன் என்று ஒன்று இணையம் முழுக்க வருகிறதே, அதுதான் முக்கியமான காரணம் என்று போட்டிருக்கிறார்கள். அது என்ன?

இரவுக்கடமை

டீச்சர், அந்தப் பக்கங்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களுக்காக எழுதப்பட்டவை. லைடன் நெதர்லாந்தில் இருக்கும் ஒரு நகரம், அந்த மரபணு மாற்றத்தை 1994இல் அங்கேதான் கண்டுபிடித்தார்கள். அந்த மாற்றம் இருந்தால், ஐந்தாம் உறைதல் காரணி என்ற புரதம் தன்னை நிறுத்த வேண்டிய புரோட்டீன் சி-யின் கைக்குச் சிக்காமல் நழுவுகிறது. ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இருக்கிறது. நம் பக்கத்து மக்களில் அரிது. 1996இல் கண்டறிந்த புரோத்ரொம்பின் மரபணு மாற்றமும் அப்படித்தான். இரண்டும் மரபணுப் பரிசோதனை என்பதால் மருந்து எடுக்கும்போதும் பார்க்கலாம், பதில் மாறாது.

எங்களுக்கு அதைவிட முக்கியம் பரம்பரையில் வராத குறைபாடு ஒன்று. அன்ரிபொஸ்போலிப்பிட் சின்ட்ரோம். உடல் தன் எதிர்ப்புச்சக்தியையே தவறான பக்கம் திருப்பி, இரத்தத்தை உறைய வைக்கும். 1983இல் லண்டனில் கிரகாம் ஹியூஸ் என்ற மருத்துவர் இதை விவரித்தார். மூளை நாளத்திலும் காலிலும் கட்டி வரலாம், திரும்பத் திரும்பக் கரு கலையலாம். எதிர்ப்புச்சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய் இருக்கும் பெண்களுக்குக் கூடுதலாக வரும். இதற்கான பரிசோதனையை ஒருமுறை மட்டும் எடுத்து முடிவு சொல்லக் கூடாது. காய்ச்சல், தொற்று வந்தாலே சிலநாள் பொசிட்டிவ் காட்டும். அதனால் குறைந்தது 12 வாரம் கழித்து இரண்டாம் முறை எடுத்து, அப்போதும் இருந்தால்தான் நோய் என்போம். உங்களைப் பொறுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

இது உறுதியானால் சிகிச்சை மாறும். வார்பரின் நீண்ட காலம், பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க. ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) பார்க்கத் தேவையில்லாத புதிய மாத்திரைகள் இப்போது மூளை நாளக் கட்டிக்குப் பரவலாகக் கொடுக்கப்படுகின்றன. ஆனால் இந்த நோய்க்கான மூன்று பரிசோதனையும் பொசிட்டிவாக வரும் அன்ரிபொஸ்போலிப்பிட் நோயாளிகளுக்கு அவை சரிவரவில்லை. அங்கே பழைய வார்பரின்தான்.

மற்றபடி விலையுயர்ந்த பட்டியலுக்குப் போகுமுன் இரத்த அணுக்களை எண்ணும் சாதாரண எஃப்.பி.சி. ரிப்போர்ட்டை ஒழுங்காகப் படித்தாலே பாதி விஷயம் தெரியும். ஹீமோகுளோபின் குறைவா என்று பார்க்கலாம். அதிகமாக இருந்தாலும், உறைதலுக்கு உதவும் பிளேட்லட் அணுக்கள் அளவுக்கு மீறி இருந்தாலும், எலும்புமச்சையில் கோளாறா என்று தேடுவோம்.

சும்மா_ஒருத்தன்

எல்லாரும் சுத்திச் சுத்திப் பேசுகிறீர்கள். கோவிட் ஊசி போட்ட பிறகுதான் இதெல்லாம். அதைச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் இல்லை. நுவரெலியா மாதிரி உயரத்தில் இருப்பதும் காரணம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

இரவுக்கடமை

சொல்ல என்ன தைரியம் வேண்டும்? 2021இலேயே எல்லா மருத்துவ இதழ்களிலும் வந்த விஷயம். அஸ்ட்ராசெனிக்கா ஊசிக்குப் பிறகு மிக அரிதாகச் சிலருக்கு மூளை நாளத்தில் கட்டி வந்தது உண்மை. நம் நாட்டில் முதலில் போட்ட கோவிஷீல்டும் அதே வகைதான். ஆனால் அது ஊசி போட்டுப் பெரும்பாலும் ஐந்து நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வந்தது. பிளேட்லட் சட்டென்று விழும், இரத்தத்தில் அதற்கென்று ஒரு எதிர்ப்பொருள் இருக்கும். இப்போது பிரசவித்த பெண்ணுக்கு வந்ததை, எப்போதோ போட்ட ஊசியின் தலையில் கட்ட முடியாது. கோவிட் நோயே இரத்தத்தை உறைய வைத்தது என்பதையும் அந்த வீடியோக்காரர்கள் சொல்வதில்லை.

உயரம்: நுவரெலியா நகரம் 1,900 மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. உயரத்தால் மூளை நாளத்தில் கட்டி வந்ததாகப் பதிவானவை பெரும்பாலும் இமயமலை போன்ற இடங்களில், இதைவிட மிக உயரத்தில் தங்கிய ஆட்களுக்கு. நம் பீதுருதாலகாலை உச்சியே 2,524 மீட்டர்தான்.

சும்மா_ஒருத்தன்

சரி சரி.

கொழுந்துக்கூடை

டொக்டர், நான் போட்ட மாத்திரை குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை இல்லை. நோரெதிஸ்டரோன். அதில் கட்டியை வரவைக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோன் இல்லை, பயமில்லை என்று ஃபார்மசியில் சொன்னார்கள். கிளினிக்கில் அதையும் இனித் தொடக் கூடாது என்கிறார்கள். எது சரி?

இரவுக்கடமை

கிளினிக் சொல்வதுதான். மாதவிடாயைத் தள்ளிப்போடக் கொடுக்கும் பெரிய அளவில் நோரெதிஸ்டரோன் உடலுக்குள் போனால் அதில் ஒரு சிறு பங்கு ஈஸ்ட்ரோஜனாகவே மாறுகிறது. விரதமும் நீரிழப்பும் அதோடு சேர்ந்தால் ஆபத்துக் கூடும். தேர், திருவிழா, கலியாணம் என்று கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு. வீட்டில் யாருக்காவது காலிலோ மூளையிலோ கட்டி வந்திருக்கிறதா, ஒற்றைத் தலைவலி இருக்கிறதா என்று ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

பழைய_டிஸ்பென்சர்

அம்மனுக்கு ஒன்றும் தீட்டு இல்லை மகளே. அடுத்த வருடம் தேர் பார்க்கலாம்.

மாத்தளை_மருமகள்

லிந்துலை அண்ணா, குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறாளா? எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு அக்காவுக்கு வார்பரின் கொடுத்ததும் மாமியார் பாலை நிறுத்தச் சொல்லிவிட்டார், விஷம் இறங்குமாம்.

லிந்துலைக்காரன்

அதே பிரச்சினை இங்கேயும். அம்மா பால்மா வாங்கி வைத்துவிட்டார். கீரை கொடுக்கக் கூடாது, தேத்தண்ணிகூடக் கொடுக்கக் கூடாது என்று வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தேயிலைக்குள் இருந்துகொண்டு தேத்தண்ணி இல்லாமல் எப்படி?

ஆய்வுகூடம்_பதுளை

பால் கொடுக்கலாம் அண்ணா. வார்பரின் தாய்ப்பாலில் பொருட்படுத்தும்படி இறங்குவதில்லை. ஆனால் டொக்டர் மேலே சொன்ன புதிய மாத்திரைகளைப் பால் கொடுக்கும் தாய்க்குக் கொடுப்பதில்லை.

கீரையை நிறுத்த வேண்டாம். இரத்தச்சோகை உள்ள பெண்ணின் தட்டிலிருந்து கீரையை எடுப்பது எந்த ஊர் நியாயம்? வாரத்துக்கு வாரம் அளவு எகிறாமல் இருந்தால் போதும். இந்த வாரம் கீரையே இல்லை, அடுத்த வாரம் மூன்று வேளையும் வல்லாரைச் சம்பல் என்றால்தான் ஐ.என்.ஆர். தடுமாறும். அதை 2க்கும் 3க்கும் நடுவில் வைத்திருக்கத்தான் கிளினிக்கில் திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்கிறார்கள்.

தேயிலை இலையில் விட்டமின் கே நிறைய இருக்கிறது, அது உண்மை. ஆனால் அது எண்ணெயில் கரையும் விட்டமின், சுடுதண்ணீரில் கரையாது, சக்கையோடு போய்விடும். பிளேன்டீ தாராளமாகக் குடிக்கலாம். சாப்பாட்டோடு சேர்த்து மட்டும் குடிக்க வேண்டாம், இரும்புச்சத்து உடலில் சேராமல் போகும்.

பயப்பட வேண்டியது வலி மாத்திரைக்கு. டைக்ளோபெனக், புரூபன் மாதிரி எதையும் கடையில் வாங்கிப் போட்டால் இரத்தக்கசிவு வரும். நாட்டு மருந்து, கஷாயம் எது கொடுத்தாலும் கிளினிக்கில் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

தலவாக்கலை_டீச்சர்

சின்னத் தங்கச்சி விஷயத்தை ஒருவரும் தொடவில்லையே. ஊர் வாய்க்காக அவளுக்கும் ஒரு பரிசோதனை எடுத்து நோர்மல் என்று காட்டிவிட்டால் வரன் பேச்சு நிற்காமல் போகுமே? நடைமுறையில் யோசியுங்கள்.

இரவுக்கடமை

டீச்சர், உங்கள் நோக்கம் புரிகிறது, ஆனால் நான் இதற்கு எதிர். மூத்தவளுக்கு என்ன குறைபாடு என்றே தெரியாமல் இளையவளுக்கு எதைத் தேடுவது? நோர்மல் என்று வந்தாலும் கட்டி வரவே வராது என்று அர்த்தமில்லை. ஏதோ ஒன்று லேசாகக் குறைந்து வந்தால், நோயே இல்லாத பெண்ணுக்கு நோயாளிப் பட்டம். மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட இரத்தப் பரிசோதனை எடுக்கும் பழக்கத்தைத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும்?

மூத்தவளுக்கு உறுதியாக, மருந்தில்லாத நேரத்தில், இரண்டு தடவை பார்த்து புரோட்டீன் சி, எஸ் அல்லது அன்ரித்ரொம்பின் குறைபாடு என்று வந்தால் அது வேறு கதை. கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்போது இளையவளோடு பேசலாம். பயன், அவளுடைய குடும்பக்கட்டுப்பாட்டு முறையிலும் பிரசவ நேரத்துக் கவனிப்பிலும். அதை அவள் தன் கிளினிக்கில் பேசிக்கொள்வாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு அங்கே வேலை இல்லை.

லிந்துலைக்காரரே, ஒன்று கேட்கிறேன். உங்கள் குடும்பத்தில் முன்பு யாருக்காவது, குறிப்பாக ஐம்பது வயதுக்குள், காலில் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், பிரசவத்தோடு மரணம், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு இருந்ததா?

லிந்துலைக்காரன்

அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.

லிந்துலைக்காரன்

கேட்டேன். அம்மாவின் தங்கச்சி, எங்கள் சின்னம்மா, மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு ஒரு கால் மட்டும் வீங்கிக் கிடந்து, ஒருநாள் மூச்சு முட்டி இறந்துபோனாராம். நான் சின்னப் பையன். காத்து கறுப்பு அடித்துவிட்டது என்று கோடாங்கி வைத்தார்களாம். நாங்கள் கிளினிக்கில் இதைச் சொல்லவே இல்லை, கேட்டபோது 'யாருக்கும் பிரஷர் இல்லை, சீனி இல்லை' என்று மட்டும் சொன்னோம்.

இரவுக்கடமை

வருந்துகிறேன். கால் நாளத்தில் உருவான கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் இப்படித்தான் நடக்கும். அதுதான் என்று இங்கிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் அடுத்த கிளினிக்கில் நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். இளவயதில், பிரசவத்தை ஒட்டி, தாய்வழியில் ஒருவர். பரிசோதனை எடுப்பதா வேண்டாமா, வார்பரினை எவ்வளவு காலம் தொடர்வது என்ற இரண்டு முடிவையும் இது மாற்றக் கூடும். பிரசவம் போல வந்துபோகும் காரணம் மட்டும் என்றால் மூன்றிலிருந்து ஆறு மாதம் வழக்கம். காரணம் தெரியாவிட்டால் ஒரு வருடம் வரை போகலாம். பலமான குறைபாடு உறுதியானால் நிறுத்துவதே இல்லை.

கொழுந்துக்கூடை

அண்ணா, தங்கச்சியிடம் இதையும் சொல்லுங்கள். இனிக் குடும்பக்கட்டுப்பாட்டுக்கு ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரை வேண்டாம். எனக்கு மிட்வைஃப் மிஸ் கருப்பையில் லூப் போட ஏற்பாடு செய்தார், செம்பு லூப்பில் ஹோர்மோன் இல்லை. வார்பரின் எடுக்கும்போது கர்ப்பம் தரிக்கவும் கூடாது, கருவுக்கு ஊனம் வரும். பிறகு பிள்ளை வேண்டுமென்றால் முதலிலேயே கிளினிக்கில் சொன்னால் ஹெபரின் ஊசிக்கு மாற்றுவார்கள். எனக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

லிந்துலைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. அத்தானிடம் இந்த இழையை அப்படியே காட்டினேன். வெளியே பரிசோதனை எடுக்கும் யோசனையை விட்டுவிட்டார். பால்மா டின்னையும் கடையில் திருப்பிக் கொடுத்தாயிற்று. அம்மாதான் சின்னம்மா கதையை வெளியே சொல்லக் கூடாது என்று அழுகிறார். சின்னவளுடைய வரன் பேச்சு கெட்டுவிடும் என்ற பயம். டொக்டரிடம் மட்டும் சொல்கிறேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன்.

ஆய்வுகூடத் தம்பி, ஒரு கேள்வி. அடுத்த கிளினிக்குக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

ஆய்வுகூடம்_பதுளை

ஸ்கேன் ரிப்போர்ட், டயக்னோசிஸ் கார்ட், ஐ.என்.ஆர். புத்தகம், பிரசவத்துக்கு முன் எடுத்த எஃப்.பி.சி. எல்லாம் ஒரே ஃபைலில். இப்போது குடிக்கும் மாத்திரைகளின் பட்டையையும் கையோடு கொண்டுபோங்கள், பெயரை வாயால் சொன்னால் குழப்பம் வரும். பிறகு ஒருநாள் சி, எஸ் எடுக்கச் சொன்னால், வார்பரின் கடைசியாக எடுத்த திகதியையும் ஊசி நடக்கிறதா என்பதையும் கோரிக்கைத் தாளில் எழுதிவிடச் சொல்லுங்கள். அது இல்லாமல் வரும் தாள்கள்தான் எங்களுக்குத் தலைவலி. சின்னம்மா விஷயத்தையும் அதே தாளில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், தாள் ஆய்வுகூடத்தைத் தாண்டி ஊருக்குள் போகாது என்று அம்மாவிடம் சொல்லலாம்.